நான்கு நிமிடத் தண்ணீர்

தண்ணீர் பாட்டிலின் அடியை அறுப்பதற்குக் கத்தரிக்கோல் சரிப்படாது. ஓரம் பிசிறு பிசிறாக நிற்கும், பார்க்கச் சகிக்காது. பாட்டிலுக்குள் பழைய துணியைத் திணித்துக்கொண்டு, ஹாக்சா பிளேடால் மெதுவாக அறுக்க வேண்டும். இரண்டு லிட்டர் பாட்டில் போதும். அறுத்ததைக் கவிழ்த்து ஒரு ஸ்டாண்டில் நிறுத்தினால் வாய் கீழே வரும். மூடியில் துளை போட்டு, மருந்துக் கடையில் விற்கிற சலைன் டியூபைச் செருகி, சுற்றிலும் எம்சீல் வைத்து அடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. கீழே ஒரு கண்ணாடி ஜாடி. என் வீட்டில் நார்த்தங்காய் ஊறுகாய் இருந்த ஜாடி அது. அதில் ஒரு சிவப்பு டேப். தண்ணீரில் துணிக்குப் போடுகிற நீலம் நாலு சொட்டு, தூரத்திலிருந்து பார்த்தாலும் தெரிவதற்காக. மொத்தமே இவ்வளவுதான், ஐயா. இதைப் போய் ஏதோ மந்திரவாதி வீட்டுச் சாமான் மாதிரி பையில் போட்டு, சீல் வைத்து, மேசைமேல் வைத்திருக்கிறீர்கள்.

உங்கள் ஏட்டை மெதுவாக எழுதச் சொல்லுங்கள். நான் ஓடிப்போகிறவன் இல்லை, ஸ்டேஷனுக்கு நானாக வந்தவன்.

இசைவாணி இறந்து இன்றைக்குப் பன்னிரண்டு நாள். கம்பெனி தன் விசாரணையை முடித்துவிட்டு நேற்று என்னிடம் கையெழுத்துக்கு ஒரு காகிதத்தை நீட்டியது. அதில் இரண்டு வரிகள். தண்ணீர்க் கடிகாரம் வெயில் காரணமாகப் பிழையாக ஓடியிருக்கலாம் என்பது ஒன்று. அந்தப் பெண் கழிப்பறையில் சுமார் ஐந்து நிமிடம் மயங்கிக் கிடந்திருக்கலாம் என்பது இன்னொன்று. ஹெச்.ஆர். சுபாஷ் பேனாவின் மூடியைக் கூடத் திறந்து கொடுத்தான். நான் போடவில்லை. அவளுடைய அம்மா பாப்பம்மாள் தினமும் கேட் முன்னால் வந்து நின்று, போகிற வருகிறவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கிறாள். "எம் பொண்ணு எம்மா நேரம் கெடந்துச்சு, சொல்லுங்கய்யா." சுபாஷ் அவளிடம் போய், "சுமாரா அஞ்சு நிமிஷம்மா" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறான். சுமார் என்று சொல்லிப் பிழைக்கிறவர்களை எனக்கு எப்போதுமே ஆகாது.

என் பெயர் கொம்பையா. வயது ஐம்பத்தொன்று. சொந்த ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். இங்கே வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது, படப்பையில் வீடு. டிப்ளமோ மெக்கானிக்கல் படித்தவன். என் வேலை நேரத்தை அளப்பது. ஒரு பெண் ஒரு வயரை எடுத்து, கிளிப்பில் மாட்டி, டேப் சுற்றி முடிக்க எத்தனை விநாடி என்று ஸ்டாப் வாட்ச் வைத்துப் பார்த்து, அதில் எத்தனை விநாடி வீண் என்று சொல்வேன். இந்த ஊர்க்காரர்களுக்கு நேரம் என்றால் என்ன என்றே தெரியாது. "தோ வந்துட்டேன்" என்றால் அரை மணி. "ஒரு நிமிஷம் சார்" என்றால் ஆள் கேண்டீனில் இருப்பான். நிலத்தை விற்று வண்டி வாங்கி, அந்த வண்டியிலேயே தாமதமாக வேலைக்கு வருகிற ஜனம். இருபத்திரண்டு வருடம் இவர்களோடு குப்பை கொட்டியிருக்கிறேன்.

எங்கள் கம்பெனி வல்லம் வடகால் எஸ்டேட்டில் இருக்கிறது. காருக்கு வயர்க்கட்டு செய்கிறோம். என் லைனில் இருபத்துநான்கு பெண்கள். அவர்களுக்கு முன்னால் பலகைகள் நகர்ந்துகொண்டே இருக்கும். ஒரு பெண் ஒன்றுக்குப் போக வேண்டுமென்றால் அவள் இடத்தில் ரிலீவர் வந்து நிற்க வேண்டும். மொத்த லைனுக்கும் ஒரே ரிலீவர், ஜோதி என்று ஒரு பெண். முன்பெல்லாம் இரண்டு பேர், மூன்று பேராகச் சேர்ந்து போவார்கள். கல்யாணத்துக்குப் போவது போலப் போய், சீமந்தம் முடிந்து வருவது போலத் திரும்பி வருவார்கள். லைன் நின்று சிவப்பு விளக்கு எரியும். நான் ஒரு ரிஜிஸ்டர் போட்டேன், போன நேரம் வந்த நேரம் எழுதினேன். வெளியிலிருந்து ஆடிட்டுக்கு வந்த ஒரு அம்மா அதைப் பார்த்துவிட்டு, பெண்கள் கழிப்பறைக்குப் போவதை எழுதி வைப்பது அசிங்கம் என்று சொல்லிவிட்டாள். உடனே சுபாஷ் ஓடி வந்தான். ரிஜிஸ்டர் கூடாது, ஸ்டாப் வாட்ச் கூடாது, கேமரா கூடாது. போனையெல்லாம் ஏற்கெனவே லாக்கரில் வைத்துப் பூட்டியாகிவிட்டது. சுவர்க் கடிகாரத்தையும், அதையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நான்தான் முன்பே கழற்றியிருந்தேன்.

அப்போதுதான் இதைச் செய்தேன். இதில் எண் இல்லை, எழுத்து இல்லை, யார் பெயரும் இல்லை. தண்ணீர் இறங்குகிறது, அவ்வளவுதான். ஒரு பெண் கிளம்பும்போது ஜோதி டியூபில் இருக்கிற திருகைத் திறந்துவிடுவாள். தண்ணீர் சிவப்புக் கோட்டைத் தொடுவதற்குள் அவள் திரும்பி வந்துவிட வேண்டும். நான்கு நிமிடம். நடந்துபோக ஐம்பத்தைந்து விநாடி, வர ஐம்பத்தைந்து, கோட்டும் தொப்பியும் கழற்றி மாட்ட இருபது. மிச்சம் ஒரு நிமிடம் ஐம்பது விநாடி. ஒரு மனுஷிக்கு அது தாராளம்.

ஒரே ஒரு விதி வைத்தேன். ஒருத்தி தாமதமாக வந்தால் அவளை நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். அடுத்து யார் முறையோ அந்த முறை ரத்து. இதன் அருமை உங்களுக்குப் புரிகிறதா தெரியவில்லை. தப்பு செய்தவளைத் திட்டினால் இருபத்துநான்கு பேரும் சேர்ந்துகொண்டு என்னைத் திட்டுவார்கள். அடுத்தவளின் முறையை வெட்டினால் அவர்கள் ஒருத்தியை ஒருத்தி திட்டிக்கொள்வார்கள், நான் சும்மா நின்றால் போதும். பத்தே நாளில் லைன் நேரானது. கழிப்பறையில் எப்போதும் ஒருத்திக்கு மேல் இருப்பதில்லை.

என் ஸ்டாப் வாட்சைப் பார்த்தால் முறைத்தவர்கள் இந்தத் தண்ணீரை நம்பினார்கள். அதுதான் இவர்களுடைய கூறு. சந்திரம்மாள் என்று லைனில் மூத்தவள் ஒருத்தி, "மனுசன் பொய் சொல்லுவான், தண்ணி சொல்லுமா?" என்று எல்லோருக்கும் உபதேசம் செய்தாள். ஆயுத பூஜை வந்தபோது மெஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்தவர்கள், என் ஊறுகாய் ஜாடிக்கும் பொட்டு வைத்து, ஒரு முழம் சாமந்தி சுற்றி, கற்பூரம் காட்டினார்கள். நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். சிரிப்பை அடக்க வேறு வழி தெரியவில்லை.

வெயிலில் தண்ணீர் வேகமாக ஓடும் என்று விசாரணைக் காகிதத்தில் எழுதியிருக்கிறார்கள். ஓடும்தான். அது எனக்குத் தெரியாதா? சலைன் டியூபில் ஒரு சின்னத் திருகு சக்கரம் இருக்கிறது பாருங்கள், பெருவிரலால் உருட்டுவது. தினமும் காலை லைன் ஓட ஆரம்பிக்கும் முன்பு அதை உருட்டி, வாட்ச் வைத்துச் சரிபார்த்து, பேனாவால் ஒரு புள்ளி வைப்பேன், ஜோதி அந்தப் புள்ளி வரைதான் திறப்பாள். வெயிலோ மழையோ, என் கடிகாரம் நான் சொன்ன நேரத்தைத்தான் காட்டும். டிசம்பர் வரை நான் சொன்னது நான்கு நிமிடம்.

அதற்குப் பிறகு தண்ணீரின் வேகத்தை வாரத்துக்கு ஒரு மயிரிழை கூட்டினேன். ஜனவரியில் மூன்று நிமிடம் ஐம்பது விநாடி. பிப்ரவரியில் மூன்றரை. ஏப்ரலில் இரண்டு ஐம்பது. ஏன் என்று கேட்காதீர்கள், முடிந்தது, செய்தேன். யாரும் கண்டுபிடிக்கவில்லை. அதுதான் எனக்குச் சுவாரசியமாக இருந்தது. ஓடிப் போனார்கள், ஓடி வந்தார்கள். "எனக்கு வயசாயிட்ச்சுடி, கால் வர்ல" என்றாள் சந்திரம்மாள். இன்னொருத்தி முட்டிக்குத் தைலம் வாங்கித் தடவிக்கொண்டு வந்தாள். தங்கள் காலைச் சந்தேகித்தார்கள், முட்டியைச் சந்தேகித்தார்கள், பக்கத்தில் நிற்பவளைச் சந்தேகித்தார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவர்களுக்குக் கூடமே கோணலாக இருந்தபோது, ஆடத் தெரியவில்லையே என்று அழுதார்கள்.

ஒருத்தியைத் தவிர.

இசைவாணி தண்டலம் பக்கத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிறவள். இருபத்தேழு வயது. புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டான், அம்மாவோடு இருந்தாள். மாதா கோயிலுக்குப் போகிற குடும்பம். வேலை செய்யும்போது உதடு அசைந்துகொண்டே இருக்கும், ஜெபமாலை சொல்கிறாள் என்று பிறகு தெரிந்தது. கை வேலையில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. பிப்ரவரியில் ஒரு டாக்டர் சீட்டைக் கொண்டு வந்து கொடுத்தாள். கிட்னியில் கல், தினம் மூன்று லிட்டர் தண்ணீர் குடிக்க வேண்டும், அடக்கி வைக்கக் கூடாது என்று எழுதியிருந்தது. கூடுதலாக இரண்டு முறை கேட்டாள். பார்க்கலாம் என்று சொல்லிச் சீட்டை டிராயரில் போட்டேன். அது இன்னும் அங்கேதான் இருக்கிறது. இடது பக்கம், மேல் டிராயர். எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏப்ரல் கடைசியில், சாப்பாட்டு நேரத்தில் என் மேசைக்கு வந்தாள்.

"சார், தண்ணி வேகமா ஓடுது."

"எதை வச்சு அப்படிச் சொல்லுத?"

"முன்னல்லாம் பத்து அருள் நிறைந்த மரியே சொல்லி முடிக்க சொல்லோ கோட்டாண்ட வரும் சார். இப்போ ஏழுலயே வந்துருது. வேணும்னே யாரும் செய்யல, தெரியும். டியூப் இன்னாமோ ஆயிருக்கும், கொஞ்சம் பாருங்க சார்."

என்மேல் பழி சொல்லவில்லை. டியூபுக்கு வக்காலத்து வாங்கினாள். அந்த மரியாதைதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. அவள் போனபிறகு, லைனுக்குப் பின்னால் நின்று, கோட்டுப் பைக்குள் வாட்ச்சை அமுக்கி, அவள் உதட்டைப் பார்த்து எண்ணினேன். ஒரு ஜெபம் இருபத்துநான்கு விநாடி. அடுத்தது இருபத்துநான்கு. அடுத்தது இருபத்தைந்து. என் படிப்பும் வாட்ச்சும் இருபத்திரண்டு வருட அனுபவமும் கண்ட அதே கணக்கை, இந்தப் பெண் வாய்க்குள் முணுமுணுத்தே கண்டுபிடித்திருக்கிறாள். அந்த ஷெட்டில் நேரம் தெரிந்த ஒரே மனுஷி அவள்தான். எனக்கு அது பிடிக்கவில்லை. இதை மறைக்க வேண்டியதில்லை.

மறுநாள் காலை திருகைப் பழைய புள்ளிக்குக் கொண்டுவந்தேன். டீ நேரத்தில் இருபத்துநான்கு பேரையும் நிற்க வைத்து, சுபாஷை அவன் போனோடு கூப்பிட்டேன். "இந்தப் பொண்ணுக்குச் சந்தேகம் இருக்காம். எல்லாரும் பாத்துக்கிடுங்க" என்று சொல்லிவிட்டுத் திறந்துவிட்டேன். யாரும் டீயைத் தொடவில்லை. கோட்டைத் தொட்டபோது சுபாஷ் போனைத் தூக்கிக் காட்டினான். நான்கு நிமிடம், ஒரு விநாடி.

"மாதாவ இட்டாந்து தண்ணி மேல பழி போடுறியே, நல்லாவாம்மா கீது?" என்றாள் சந்திரம்மாள்.

இசைவாணி ஜாடியையே பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. டீ நேரம் முடிந்ததும் திருகு மறுபடி இரண்டு ஐம்பதுக்குப் போனது.

அதற்குப் பிறகு நான் எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. அவளுக்கு நேரம் கூடுதலாகப் பிடித்தது, வயிற்று வலிக்காரி, ஓட முடியாது. அவள் வந்து சேரும்போது தண்ணீர் கோட்டைத் தாண்டியிருக்கும், அடுத்தவளின் முறை போகும். அவளோடு சாப்பிட உட்கார்வதை நிறுத்தினார்கள். பஸ்ஸில் பக்கத்து இடத்தில் பையை வைத்தார்கள். "ஒன்னால நான் அடக்கிகினு நிக்கறேன், பாவி" என்று ஒருத்தி காது படச் சொன்னாள். கடைசியில் அவள் போவதையே நிறுத்தினாள். போகாமல் இருக்க ஒரே வழி குடிக்காமல் இருப்பது. சாயங்காலம் கேட்டில் பைகளைச் சோதிக்கும்போது பார்ப்பேன், காலையில் கொண்டுவந்த பாட்டில் கழுத்து வரை அப்படியே இருக்கும். மே மாதம், தகரக் கூரை. அவள் உதடு வெடித்திருந்தது. ஆனால் அசைந்துகொண்டுதான் இருந்தது.

எனக்குத் தெரியாது என்று நான் சொல்லப் போவதில்லை. எதற்கு மூன்று லிட்டர் என்று டாக்டர் எழுதினார் என்று எனக்குத் தெரியும். நான் கூறு கெட்டவன் இல்லை.

அவள் விழுந்த வியாழக்கிழமைக்கு வருகிறேன். அன்று வெளியிலிருந்து ஆட்கள் பார்வையிட வருவதாக இருந்தது. அதனால் காலையிலேயே திருகை நான்கு நிமிடப் புள்ளிக்கு மாற்றி வைத்திருந்தேன். இதை ஏட்டு அடிக்கோடிட்டு எழுதட்டும். பதினொன்று இருபதுக்கு இசைவாணி கையைத் தூக்கினாள். அவள் முறை இல்லை. முகம் சாம்பல் நிறத்தில் இருந்தது, ஒரு கை இடுப்பில்.

"சார், முடியல சார். ஒரே ஒரு தபா."

"போய்ட்டு வா" என்றேன். நான் மறுக்கவில்லை என்பதற்கு இருபத்துநான்கு சாட்சி உண்டு. ஜோதி அவள் இடத்தில் நின்றாள். திருகை நானே திறந்தேன்.

தண்ணீர் கோட்டைத் தொட்டது. அவள் வரவில்லை. அடுத்த முறை செந்தாமரைக்கு. "போச்சா என்னுது?" என்று அவள் பல்லைக் கடித்தாள். வழக்கமாக அத்தோடு நிறுத்தி, ஜாடியை ஓரமாக வைத்துவிடுவேன். அன்று தண்ணீரை மறுபடி மேலே ஊற்றினேன். எவ்வளவு தாமதிக்கிறாள் என்று பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. பத்து ஜெபம், ஏழு ஜெபம் என்று எனக்கே கணக்குச் சொன்னவள்தானே.

இரண்டாவது ஜாடியும் நிறைந்தது. ஜோதி என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். மூன்றாவது பாதியில் சந்திரம்மாள், "சார், நான் போய் ஒரு எட்டு பாத்துட்டு வந்துரட்டா?" என்றாள்.

"உன் முறை ரெண்டு மணிக்குல்லா?" என்றேன்.

அவள் குனிந்துகொண்டாள். பலகை நகர்ந்து வந்தது, டேப்பைச் சுற்றினாள். அதட்டவில்லை, ஐயா, சாதாரணமாகத்தான் சொன்னேன். இருபத்துநான்கு பேர் நின்றார்கள், ஜோதியையும் சேர்த்து. ஐம்பத்தைந்து விநாடி நடந்தால் கழிப்பறை. ஒருத்தியும் நடக்கவில்லை. இன்றைக்குக் கேட் முன்னால் பாப்பம்மாளைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். அழட்டும். என்னைக் கேட்கிற கேள்வியை அவர்களிடமும் ஒரு வரி கேளுங்கள்.

நான்காவது ஜாடி நிறைந்து, ஐந்தாவதுக்கு ஊற்றக் கையில் எடுத்தபோது, தரை துடைக்கிற பெண் கத்திக்கொண்டு ஓடி வந்தாள். கதவுக்கு அடியில் கை தெரிந்ததாம். வலியில் மயங்கி, குப்புற விழுந்து, வாந்தி எடுத்து, அது நெஞ்சுக்குள் போயிருக்கிறது. ஹைவேயில் இருக்கிற ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். பத்து நிமிடம் முன்னால் பார்த்திருந்தால் திருப்பிப் போட்டே காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். என் காதுபடத்தான் சொன்னார். மூன்றாம் நாள் போய்விட்டாள். முன்பு மாதிரி இரண்டு பேர், மூன்று பேராகப் போகிற வழக்கம் இருந்திருந்தால், அவள் விழுந்த சத்தம் யார் காதிலாவது விழுந்திருக்கும். அதையும் நான் யோசித்துப் பார்த்தேன். யோசிக்காமல் இல்லை.

இப்போது சுபாஷ் டியூப் இளகிவிட்டது என்கிறான், வெயில் என்கிறான். அவன் என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டிருக்கிறான். என் கடிகாரத்தில் பிழை என்று நான் கையெழுத்துப் போட்டால், அதற்கு நான் மாடு மேய்க்கப் போகலாம். டியூப் இளகவில்லை. ஜனவரி முதல் அதை உருட்டியது என் பெருவிரல். சீட்டை டிராயரில் போட்டது நான். டீ நேரத்தில் அவளைப் பொய்க்காரி ஆக்கியது நான். வியாழக்கிழமை ஜாடியை நிரப்பி நிரப்பி ஊற்றிக்கொண்டு நின்றதும் நான்தான். எழுதிவிட்டாரா?

சரி, அந்த அம்மாளின் கேள்விக்கு வருகிறேன். நான்கு ஜாடி, பதினாறு நிமிடம். நடுவில் மூன்று தடவை ஊற்றினேன், தடவைக்கு எட்டு விநாடி, இருபத்துநான்கு. மொத்தம் பதினாறு நிமிடம் இருபத்துநான்கு விநாடி. அவள் நடந்துபோன ஐம்பத்தைந்து விநாடியைக் கழித்தால் பதினைந்து நிமிடம் இருபத்தொன்பது விநாடி. அதில் எந்த விநாடியில் விழுந்தாள் என்று எனக்குத் தெரியாது. தெரியாததை நான் ஊகித்துச் சொல்ல மாட்டேன், அது சுபாஷின் வேலை.

பாப்பம்மாளிடம் இதை அப்படியே சொல்லுங்கள். ஐந்து நிமிடம் என்று அவளை ஏமாற்ற எனக்கு மனம் வரவில்லை. இன்னொன்றும் சொல்லுங்கள். அவள் மகள் என்னிடம் கேட்டது குறையாத நான்கு நிமிடம், அதை நான் அன்றைக்கு நான்கு தடவை கொடுத்தேன்.